காராத்துகள் திருப்பிச் சுடவில்லை

போன மாதம் உங்கள் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தேன். உங்களில் ஒருவர் தாங்கள் செய்துகொண்டிருக்கும் விண்வெளிக் கணினி விளையாட்டைப் போட்டுக் காட்டினார். முதல் பாகத்தில் மனிதர்களைக் கொன்று குவித்த வேற்றுக்கிரகக் கூட்டம், இரண்டாம் பாகத்தில் மனிதர்களோடு சேர்ந்துகொள்கிறது. இரண்டு தலைவர்கள் கை குலுக்குகிறார்கள், பின்னணியில் இசை முழங்குகிறது, அடுத்த காட்சியில் எல்லோரும் தோளோடு தோள் நின்று வேறு யாரையோ சுடுகிறார்கள். "அவ்வளவுதானா?" என்று கேட்டேன். "அவ்வளவுதான் ஆன்டி, ட்ரீட்டி சைன் பண்ணிட்டாங்கல்ல" என்றார் அந்தத் தம்பி.

அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. நானும் வாயை மூடிக்கொண்டு குடித்தேன். ஓய்வு பெற்றவள் ஒருத்தி வந்து, அந்தக் காலத்தில் நாங்கள் என்று ஆரம்பித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டால் அந்தக் கை குலுக்கும் காட்சியையே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் கோபமில்லை.

நாங்கள் விளையாட்டுச் செய்தது தொண்ணூறுகளின் நடுவில். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி. நிறுவனம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அத்தனை சின்ன இடம். பாஸ் என்று நாங்கள் கூப்பிட்ட முதலாளி தினமும் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டால், "போய் வெளையாடிப் பாரு" என்பதுதான் பாதி நேரம் பதில். நிரல் எழுதியவன் குமரேசன், பந்திங் ஊர்க்காரன், கெட்டிக்காரன், வாய்த்துடுக்கு அதிகம். கதையும் வசனமும் என் பொறுப்பு. பங்சாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நிரந்தர வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தேன். "கம்ப்யூட்டர்ல சண்ட போடுறதுக்குக் கத எழுதப் போறியா?" என்று கேட்ட அப்பா அதோடு என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

எங்கள் முதல் விளையாட்டு எதிர்பாராமல் நன்றாக ஓடியது. பூமியைப் பிடிக்க வரும் எதிரிக் கூட்டத்தைச் சுட்டுத் தள்ளவேண்டும், கதை அவ்வளவுதான். எதிரிகளுக்குக் காராத் என்று பெயர். மலாயில் காராத் என்றால் துரு. அன்றைய கணினியில் எங்களுக்கு மிஞ்சியிருந்த நிறம் துரு நிறம் ஒன்றுதான். அந்த நிறத்தில் படம் போட்டோம், அதையே பெயராகவும் வைத்துவிட்டோம். நினைவகத்தை மிச்சப்படுத்த எல்லாக் காராத்துக்கும் ஒரே முகம், ஒரே மாதிரிக் கப்பல், சாகும்போது ஒரே சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பையன்கள் திரும்பத் திரும்பச் சுட்டார்கள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாம் பாகம் செய்ய உட்கார்ந்தபோது பாஸ் சொன்னார், "மறுபடியும் அதே சுடு சுடு வேணாம். வேற ஏதாச்சும் சொல்லு, மேகலா." நான்தான் கூட்டணியைச் சொன்னேன். மனிதர்களையும் காராத்துகளையும் ஒன்றாக விழுங்கிவிடக்கூடிய மூன்றாவது கூட்டம் ஒன்று வருகிறது. தனித்தனியாக நின்றால் இரண்டு பேருக்கும் அழிவு. சேர்ந்து நின்றால் பிழைக்கலாம். ஆனால் நேற்று வரை உன் ஊரைக் கொளுத்தியவன் பக்கத்தில் நின்று நீ சண்டை போடவேண்டும்.

"யாரு நம்புவாங்கக்கா? நானே நம்பமாட்டேன்" என்றான் குமரேசன்.

"நம்ப வேணாம். பக்கத்துல நின்னாப் போதும்" என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைகளில் பக்கத்து டியூஷன் நிலையத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாட விடுவோம். நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். பேசக்கூடாது, உதவி செய்யக்கூடாது, அது பாஸ் போட்ட சட்டம். அந்தச் சனிக்கிழமை கூட்டணி வந்தது, காராத்துக் கப்பல்கள் வரிசையாக வந்து நம் கப்பலுக்குப் பக்கத்தில் நின்றன, முதலில் உட்கார்ந்த பையன் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டான். உடனே காராத்துகள் அத்தனையும் அவன்மேல் பாய்ந்தன. நாங்கள் அப்படித்தான் எழுதியிருந்தோம், கூட்டாளியைச் சுட்டால் கூட்டணி முறியும் என்று. பிறகு மூன்றாவது கூட்டம் வந்து மிச்சமிருந்ததை விழுங்கியது. ஆட்டம் முடிந்தது.

அடுத்தவனும் சுட்டான். அதற்கடுத்து உட்கார்ந்த பெண் பிள்ளையும் சுட்டாள். "ஏம்மா, அதான் பிரண்ட்னு போட்டிருக்குல்ல" என்று என்னையறியாமல் சட்டத்தை மீறிக் கேட்டுவிட்டேன். "தெரியும்கா. ஆனா அந்த மூஞ்சியப் பாத்தா கை தானா போவுது லா" என்றாள். அவள் மேல் என்ன குற்றம்? ஒரு வருடமாக அந்த முகத்தைப் பார்த்ததும் சுடு என்று பழக்கியது நாங்கள்தானே.

பழக்கம் அப்படி. போர் முடிந்தது என்று மூளைக்குச் சொல்லிவிடலாம், விரலுக்கு யார் சொல்வது? இதைத்தான் நீங்கள் முதலில் மனசில் வைக்கவேண்டும். உங்கள் இரண்டாம் பாகத்தை வாங்குகிறவர் முதல் பாகத்தில் பழகிய கையோடுதான் வந்து உட்காருவார்.

சரி, இந்த முறை நிறங்களுக்குப் பஞ்சமில்லை, மாற்றிப் பார்ப்போம் என்று கூட்டாளிக் காராத்துகளுக்கு நீல நிறம் அடித்தோம். அடுத்த சனிக்கிழமை யாரும் சுடவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் ஒரு பையன் எழுந்து போகும்போது, "இந்த நீலக் கலர் ஆளுங்க நல்லவங்கக்கா, அந்தக் காராத்துங்கதான் எங்க போனாங்கன்னு தெரியல" என்றான். என் சந்தோஷம் அத்தோடு போயிற்று. பழைய எதிரிக்கு நீலச் சாயம் பூசினால் அவன் புது நண்பன் ஆகிவிடுகிறான். புது நண்பனோடு சேருவதற்குக் கூட்டணி எதற்கு? சாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். குமரேசன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தான்.

இதற்குள் எங்கள் விளையாட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் சிங்கப்பூர் விநியோகஸ்தரின் காதுக்கு விஷயம் போய்விட்டது. தொலைபேசியில் பாஸிடம் நேராகச் சொல்லிவிட்டார். கூட்டாளியைக் குறிவைத்தால் துப்பாக்கி சுடாதபடி பூட்டு, இல்லாவிட்டால் கூட்டணியையே எடுத்துவிடு, அடுத்த வாரம் நேரில் வந்து பார்ப்பேன், சரியில்லாவிட்டால் விளையாட்டை எடுக்கமாட்டேன் என்றார். அவர் எடுக்காவிட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. மேல்மாடியைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போகவேண்டியதுதான். நான் அப்பா முன்னால் போய் நிற்கவேண்டும். 

குமரேசன் ஒரே பிற்பகலில் துப்பாக்கிப் பூட்டைச் செய்துவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, பழுதில்லாமல் வேலை செய்தது. கூட்டாளி குறுக்கே வந்தால் குண்டு கிளம்பாது. பிள்ளைகளும் ஆட்டத்தைக் கடைசி வரைக்கும் ஆடி முடித்தார்கள். ஆனால் ஒருவர்கூடக் காராத்தைப் பார்க்கவில்லை. சுட முடியாத பொருள் ஒன்று ஓரமாக நிற்கிறது என்ற அளவில் விட்டுவிட்டார்கள். "அது சும்மா தூண் மாதிரி நிக்குது" என்றான் ஒருவன். எனக்கு எரிச்சலாக வந்தது. அவன் மேல் இல்லை, எங்கள் மேல். சுட முடியும் என்றிருந்து சுடாமல் இருந்தால்தானே அது உறவு. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, பார், எவ்வளவு சமாதானமாக இருக்கிறான் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

பாஸிடம் போய்ச் சொன்னேன். "வேற வழி இருக்கா?" என்றார். இல்லை. "அப்ப இது இருக்கட்டும். வேற வழி கெடச்சா அதையும் செய்யி. ரெண்டு மெஷின் இருக்குல்ல" என்றார்.

வேறு வழி மாடிப்படி ஏறி வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் கீழ்த்தளத்து யுத்தத்தைச் சொல்லியாகவேண்டும்.

கீழே நகலெடுத்துக் கொடுக்கும் ஒரு போட்டோஸ்டாட் கடை. அதை நடத்தியவர் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எங்கள் இரண்டு தரப்புக்கும் பின்சந்தில் ஒரு கார் நிற்கும் இடம்தான். அவர் உள்ளே நிறுத்தினால் குமரேசன் குறுக்கே நிறுத்துவான், இவன் உள்ளே நிறுத்தினால் அவர் குறுக்கே நிறுத்துவார். நம் ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு என்று உங்களுக்குத் தெரியும். குறுக்கே நிறுத்துகிறவர் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் போகவேண்டும். உள்ளே இருப்பவருக்கு அவசரமென்றால் அவரே காரைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டு போவார். குமரேசன் வேண்டுமென்றே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு மேலே வருவான். அங்கிள் காருக்குள் உட்கார்ந்து ஹார்னில் கையை வைத்தால் எடுக்கவே மாட்டார். சந்தே அலறும். இவன் காது கேட்காத மாதிரி இன்னும் நாலு வரி நிரல் எழுதிவிட்டு, மெதுவாக இறங்கிப் போவான்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சோபா கடை வந்தது. அந்தக் கடைக்காரர் வந்த கையோடு பின்சந்து முழுவதும் சோபாக்களை அடுக்கிவிட்டார். அங்கிளுக்கும் இடமில்லை, குமரேசனுக்கும் இடமில்லை. ஒரு காலையில் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து சோபா கடை வாசலில் நிற்கிறார்கள். அங்கிள் ஆங்கிலத்தில் சட்டம் பேசுகிறார், குமரேசன் மலாயில் குரலை உயர்த்துகிறான். நான் கூட்டணிக் கதையை அதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. ஆனால் அதுதான் உண்மை. சோபாக்கள் உள்ளே போயின. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு. காலையில் அங்கிள் கார் உள்ளே, மத்தியானத்துக்குப் பிறகு இவன் கார் உள்ளே. குறுக்கே நிற்பவர் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. ஹார்ன் அடிக்கக்கூடாது.

சிங்கப்பூர்க்காரர் வருவதற்குச் சில நாட்கள் இருக்கும். காலையில் நாங்கள் வேலையில் மூழ்கியிருந்தோம். படியில் காலடிச் சத்தம் கேட்டது, மெதுவாக, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. கதவருகில் அங்கிள் வந்து நின்றார். அவருக்கு முழங்கால் வலி, படியேற மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அதுவரை அவர் மேலே வந்ததே கிடையாது. மூச்சு வாங்கியது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. குமரேசனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உம்மட கார் குறுக்கால நிக்குது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. மறந்து போட்டனீரோ, வேணுமெண்டு போட்டனீரோ?"

குரலில் கோபமில்லை. கிண்டலும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எது பதில் என்றாலும் அதற்கேற்ப நடந்துகொள்ளத் தயாராக நின்றார். குமரேசனின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. ஹார்ன் அடித்திருந்தால் அவனும் பழையபடி முறைத்திருப்பான். இதற்கு எழுந்து நின்றான்.

"மறந்துதான் அங்கிள். சத்தியமா. பழக்கத்துல கை இழுத்திருச்சி" என்றான்.

"அப்ப சரி. மனுசிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகோணும், கண் டாக்டரிட்ட. ஒருக்கா வந்து எடுத்து விடும்" என்றார் அங்கிள்.

குமரேசன் நாலு நாலு படியாகத் தாவி இறங்கினான். அங்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே குமரேசன் காரை எடுத்துவிட்டு, அங்கிள் பின்பக்கமாக எடுக்க வசதியாகச் சந்து முனையில் போய் நின்று கை காட்டிக்கொண்டிருந்தான். அவர் மனைவி முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் மேலே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். திரும்பி என்னைப் பார்த்தான். "அக்கா, காராத்து திருப்பிச் சுடக்கூடாது" என்றான்.

"கேக்கணும்" என்றேன்.

"ஆமா. கேக்கணும்."

மடமடவென்று வேலை நடந்தது. கூட்டாளிக் காராத்தை நீங்கள் சுட்டால், அந்தக் கப்பல் சாகாது. ஓர் ஓட்டை விழும், கப்பல் அங்கேயே நிற்கும். திரையில் அதே பழைய துருநிற முகம் வரும். அன்றைக்குத் திரையில் தமிழ் எழுத்தெல்லாம் ஏது, ஆங்கிலத்தில்தான் எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: சுட்டீர்கள். மறந்து சுட்டீர்களா, வேண்டுமென்று சுட்டீர்களா? கீழே இரண்டு பதில். மறந்து என்றால் கப்பல் திரும்பவும் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த ஓட்டை மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும், அது குமரேசனின் யோசனை. வேண்டுமென்று என்றால், காராத்துகள் சுடாது. ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்விடும். நீங்கள் தனியாக இருப்பீர்கள்.

"எத்தன தடவக்கா கேக்கும்? எப்பவும் கேட்டுக்கிட்டே இருந்தா இளிச்சவாயன் ஆயிரும்" என்றான் குமரேசன்.

"நீ திரும்பவும் ஹேண்ட் பிரேக் போட்டா அங்கிள் படியேறி வருவாரா?"

யோசித்தான். "ரெண்டாவது தடவையும் வருவாரு. மூணாவது தடவ ஹார்ன்தான்."

அப்படியே எழுதினோம். மூன்றாவது தடவை காராத்து திருப்பிச் சுடும். இதையும் கவனியுங்கள். பொறுமை என்பதற்காக அவனை வாயில்லாப் பூச்சியாக்கினால் அவனுக்கு மரியாதை போய்விடும். பழைய எதிரிக்கு இன்னும் பல் இருக்கவேண்டும். பல் இருந்தும் கடிக்காமல் கேட்கிறான் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிங்கப்பூர்க்காரர் வரும் நாள் வந்தது. இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். இடப்பக்கம் இருந்ததில் துப்பாக்கிப் பூட்டு, பலமுறை ஆடிப் பார்த்தது, ஒரு பிசகும் வராது. வலப்பக்கம் இருந்ததில் கேள்வி கேட்கும் காராத்து. சனிக்கிழமைப் பிள்ளைகள் யாரும் அதை இன்னும் தொடவில்லை. போதாததற்கு அன்று காலையில் கேள்வி வரும் இடத்தில் ஒருமுறை திரை உறைந்து நின்றுவிட்டது. குமரேசன் எதையோ சரி செய்தான். "சரியாயிருச்சா?" என்று கேட்டேன். "ஆயிருச்சின்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

கீழே டாக்சி வந்து நின்ற சத்தம் கேட்டது. பாஸ் என் பக்கம் திரும்பினார். "எந்த மெஷின் முன்னாடி ஒக்கார வைக்கிறது? இது ஒன் கத. நீ சொல்லு."

வேறொருவராக இருந்தால், நான்தான் முதலாளி, இதுதான் என்று சொல்லியிருப்பார். அல்லது, உன்னால்தான் என்று பிற்பாடு சொல்வதற்காக என்னிடம் தள்ளியிருப்பார். இவர் அப்படிப்பட்டவர் இல்லை. நான் எதைச் சொன்னாலும் அதைத் தன் முடிவாக எடுத்துக்கொண்டு அந்த ஆள் முன்னால் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயம் இன்னும் கூடியது. காலடிச் சத்தம் படியில் பாதி தூரம் வந்துவிட்டது. இடப்பக்கம் உட்கார வைத்தால் விளையாட்டை எடுத்துக்கொள்வார், வேலை நிலைக்கும். ஆனால் கடைக்குப் போவது தூண்கள்தான். கூட்டணி என்று அட்டையில் அச்சடித்திருப்போம், உள்ளே இருக்காது. நான் கதவையே பார்த்துக்கொண்டு, "வலப்பக்கம்" என்றேன்.

பாஸ் தலையாட்டினார். போய் இடப்பக்கத் திரையை அணைத்துவிட்டார்.

சிங்கப்பூர்க்காரர் உட்கார்ந்தார். எங்கள் முதல் விளையாட்டைக் கரைத்துக் குடித்தவர். கூட்டணி அறிவிப்பு வந்தது, காராத்துகள் வந்து பக்கத்தில் நின்றன. அவர் கை, நாங்கள் பயந்தபடியே, தானாகப் போனது. சுட்டுவிட்டார். கப்பலில் ஓட்டை விழுந்தது. திரை அப்படியே நின்றது. உறைந்துவிட்டதா, கேள்விக்காக நிற்கிறதா என்று தெரியாமல் நாங்கள் மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மெதுவாக அந்தத் துருநிற முகம் வந்தது. கேள்வி வந்தது.

அவர் திரையைப் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். துப்பாக்கியைப் பூட்டச் சொன்னேனே என்று அவர் ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு விளையாட்டு தன்னிடம் இப்படிக் கேட்கும் என்று அவர் நினைக்கவில்லை போலும். பிறகு ஒற்றை விரலால் மறந்து என்பதை அழுத்தினார். ஓட்டை விழுந்த கப்பல் திரும்பவும் அவர் பக்கத்தில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் ஆடிய விதமே வேறு. அந்த ஓட்டைக் கப்பலை எங்கேயும் தனியாக விடவில்லை.

நடுவில் ஒருமுறை, வியாபாரி இல்லையா, சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே சுட்டு, வேண்டுமென்று என்ற பதிலையே அழுத்தினார். காராத்துகள் ஒன்றும் செய்யவில்லை, திரும்பிப் போய்விட்டன. ஓட்டைக் கப்பல் கடைசியாகப் போனது. வெறும் வானத்தில் அவர் ஒருவர் மட்டும் நின்றார். மூன்றாவது கூட்டம் வந்து அவரை விழுங்கியபோது, "சே" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சாப்பிடக் கூப்பிட்டோம், இன்னும் கொஞ்ச நேரம் என்றார். போகும்போது பாஸிடம், அந்தப் பூட்டு இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணி, வேலை நன்றாகப் போகிறது என்றேன். "ஒன் சண்டையில ஜெயிச்சது யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை அப்பா என்றேன். அவருக்கு அது புரியவில்லை. ஆனாலும் வெகுநாளுக்குப் பிறகு நிறைய நேரம் பேசினார்.

அந்த விளையாட்டு நன்றாகப் போனது. ஆட்கள் கூடினார்கள், மேல்மாடி போதவில்லை, ஷா ஆலமில் பெரிய இடமாகப் பார்த்தோம். காலி செய்யும் நாளில் சாமான்களையெல்லாம் லோரியில் ஏற்றியாகிவிட்டது. மத்தியானத்துக்குள் போய்ச் சேரவேண்டும், லோரிக்காரர் அவசரப்படுத்துகிறார். சந்திலிருந்து லோரியை எடுக்கப் போனால் குறுக்கே ஒரு கார் நிற்கிறது. அங்கிளின் கார். சரி, தள்ளிவிடலாம் என்று நாலு பேர் கை வைத்தார்கள். அசையவில்லை. ஹேண்ட் பிரேக்.

லோரிக்காரர் ஹார்னில் கை வைக்கப் போனார். குமரேசன் ஓடிப்போய்த் தடுத்தான். "வேணாம்ணே, இருங்க, நான் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போட்டோஸ்டாட் கடைக்குள் நுழைந்தான். நானும் பின்னாலேயே போனேன். அங்கிள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். குமரேசன் அவர் முன்னால் போய் நின்றான்.

"அங்கிள், உங்க கார் குறுக்க நிக்குது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. மறந்து போட்டீங்களா, வேணும்னு போட்டீங்களா?"

அங்கிள் பேப்பரை மடித்து வைத்தார்.

"வேணுமெண்டுதான் போட்டனான்" என்றார். "மனுசி விடியவே எழும்பிச் சமைச்சு வச்சிருக்கிறா. எல்லாரும் சாப்பிட்டிட்டுப் போங்கோ."